அருளப்பு பாஸும் இறுகிப்போன ஸ்டியரிங்கும்

சாவுச் செய்தியைக் கொண்டுவந்தவர் ஹனிபா காக்கா. குறிஞ்சாக்கேணியில் இருந்து தோணி ஏறி, பஸ் பிடித்து, அன்புவழிபுரத்தில் என் வீட்டுப் படலை வரைக்கும் நொண்டும் காலை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அருளப்பு பாஸ் மௌத்தாகிட்டார்" என்றார்.

நான் சொன்ன முதல் சொல்லை அச்சில் போட முடியாது. ஹனிபா காக்கா முகத்தைச் சுளித்தார். "அப்படிக் கதைக்காதீங்க. உப்புவெளி வீட்டிலதான் வச்சிருக்காங்க. சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க, போவம்."

போனேன். இப்போது அவருடைய நினைவு மலருக்கு எழுதவும் கேட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் இதை வாசிப்பீர்கள். தங்கமான மனிதர் என்று நான் எழுதினால் முதலில் சிரிக்கப்போவது நீங்கள்தான். எனவே நடந்ததை எழுதுகிறேன்.

கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் எங்கள் கம்பெனியின் கராஜில் அவர் தலைமை மெக்கானிக். கைவேலைக்காரரை மரியாதையாக பாஸ் என்று அழைப்பது நம் வழக்கம்; அவரை எல்லோரும் பயத்தில் அழைத்தார்கள். நான் வண்டி ஓட்டும் றைவர். அந்த வேலையைத் தன் தம்பிக்கு எடுத்துக்கொடுக்க அவர் முயன்றுகொண்டிருந்தபோது இடையில் நான் வந்து சேர்ந்தேன். பகைக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த வாரமே என் தேத்தண்ணிக் கோப்பையில் பெற்றோலை ஊற்றி நட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்ன பாஸ் இது என்று கேட்டதற்கு, "கோப்பைதானே? கழுவினாப் போகும். நீதான் போகமாட்டாய்" என்றார்.

துறைமுகத்தில் வேலை முடித்துப்போன வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் விட்டுச்சென்ற பிக்கப் எங்களுக்குக் கிடைத்தது. எஞ்சின் ஓடும்போது ஒரு பம்ப் ஒயிலை அழுத்தி ஸ்டியரிங்கை இலேசாக்கும். லொறிகளோடு மல்லுக்கட்டிப் பழகிய எனக்கு அது பெரிய சுகம். சில மாதங்களில் அந்தச் சுகம் கெட்டது. காலையில் இலேசாக இருக்கும் ஸ்டியரிங், வெயிலேறியதும் இறங்குதுறையில் மெதுவாக வளைக்கும்போது திடீரென்று கல்லாக இறுகும். சற்று நிறுத்தி வைத்தால் பழையபடி இளகும். பாஸிடம் சொன்னேன். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், ஒயில் மட்டத்தைப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் கிடக்கு. உனக்குக் கையில பலமில்லை. வீட்டில சோறு போடுறதில்லையோ?" மீண்டும் போய்ச் சொன்னபோது சாவியை என் காலடியில் எறிந்தார்.

பிறகு ஒரு மத்தியானம், மூட்டை ஏற்றுமிடத்தில் வளைக்கும்போது ஸ்டியரிங் இறுகியது. பிறேக்கை மிதித்தேன், முன்சக்கரம் அதற்குள் மூட்டை அடுக்கோடு ஒருவரை நெரித்துவிட்டது. அவர்தான் ஹனிபா காக்கா. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிய சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது.

மனேஜர் என்னை வேலையிலிருந்து இடைநிறுத்தி விசாரணை வைத்தார். அருளப்பு பாஸ் வந்து நின்று, "வண்டியில ஒரு பிழையும் இல்லை சேர். குடிச்சிட்டு ஓடியிருக்கிறான்" என்றார். என் வாழ்நாளில் நான் குடித்ததில்லை. அது அவருக்கும் தெரியும். அந்தச் சொல்லை நான் அன்றும் மன்னிக்கவில்லை. அவர் மண்ணுக்குள் போன பிறகும் மன்னிக்கவில்லை.

என்னை முழுதாகத் துரத்தாமல் தடுத்தது ஹனிபா காக்காவின் வாய்ச்சொல். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன மனேஜரிடம் அவர் கட்டிலில் கிடந்தபடியே சொல்லியிருக்கிறார்: "ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கோட அவர் போராடினதை நான் கண்ணால கண்டனான் சேர். குடிச்ச ஆளுக்கு அந்தப் போராட்டம் வராது." அதனால் பிக்கப்பை எல்லோர் முன்னிலையிலும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

பாஸ்தான் ஏறி உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றினார். "பாத்தீங்களா சேர்?"

"எஞ்சினை நிப்பாட்டாதீங்கோ. சூடேறட்டும். பிறகு நிண்ட இடத்திலேயே திருப்பிப் பாருங்கோ" என்றேன்.

"சரி. இவன்ர ஆசையும் தீரட்டும்" என்று வெயிலுக்குள்ளேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பிறகு திருப்பினார். பம்ப் முனகியது. ஸ்டியரிங் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்து இழுத்தார். வெளியே யாரும் சிரிக்கவில்லை. உள்ளுக்குள் நான் சிரித்தேன்.

இறங்கி வந்து எஞ்சினுக்கு மேலிருந்த பொனற்றைத் திறந்தார். "ஏறித் திருப்படா" என்று என்னிடம் கத்தினார். நான் திருப்பிக்கொண்டிருக்க, ஒயில் குடுவையிலிருந்து பம்புக்குப் போகும் றப்பர்க் குழாய் உறிஞ்சப்பட்டுத் தட்டையாவதை அவர் கண்டார். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, அதைக் கழற்றி நீளவாக்கில் வெட்டினார். வெளியே புதிதுபோல் இருந்த குழாய் உள்ளே தண்ணியில் ஊறின பாண் ரொட்டியைப்போல் உப்பி, வழியை அடைத்துக் கிடந்தது. சூடேறினால் இன்னும் இளகி ஒட்டிக்கொள்ளும். பம்புக்கு ஒயில் போகாது. குடுவைக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். மறுபடி முகர்ந்தார். முகம் கறுத்துப்போனது.

"பிறேக் ஒயில். இது றப்பரைத் தின்னும்."

மனேஜர் குரலைத் தாழ்த்தினார். "றைவர்மார்தானே வழமையா ஒயில் விடுறது? இவர் ஊத்தியிருப்பார் போல."

பாஸ் ஓம், இவன்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் தெருவில் நின்றிருப்பேன். அவர் தம்பிக்கு வேலை கிடைத்திருக்கும். வெட்டின குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை சேர். ஸ்டியரிங் ஒயில் கைவசம் இருக்கேல்லை. பிறேக் ஒயிலை ஊத்தினது நான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பல்லைக் காட்டாத. நீ நல்ல றைவர் எண்டு நான் சொல்லேல்லை."

அவருடைய தலைமைப் பதவி போனது. தன்னைவிட இளையவர் ஒருவருக்குக் கீழே ஸ்பானர் பிடித்தார். அதற்கும் நானே காரணம் என்று கடைசிவரை ஏசினார். குடித்தேன் என்று சொன்னதைத் திரும்பப் பெறவே இல்லை. ஹனிபா காக்கா மூட்டை தூக்க ஏலாமல் போய், தோணித்துறைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை போட்டார். "ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்று பாஸிடம் கேட்டுப் பார்த்தேன். "போய் என்னத்தைக் கதைக்கிறது? என்ர முகத்தைக் கண்டா அவன்ர கால் நிமிருமோ?" என்றார். கல்நெஞ்சு என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செத்த வீட்டில் அவருடைய மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கள்தானே அந்த றைவர்? உங்களை ஏசாமல் மனுசன் சோத்தில கை வச்சதில்லை."

"எனக்கும் அப்படித்தான் அம்மா" என்றேன். அழுதுகொண்டிருந்தவரின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

சேமக்காலையில் குழிக்குப் பக்கத்தில் ஹனிபா காக்கா குனிய முடியாமல் குனிந்து ஒரு பிடி மண் போட்டார். நானும் போட்டேன், கொஞ்சம் வேகமாகவே.

அவருடைய அன்பு என்று என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் தந்ததும் இல்லை. மனேஜர் கேட்ட பிறகு, வாய் திறப்பதற்கு முன் அவர் நின்ற அந்த நிற்பு மட்டும் என்னிடம் இருக்கிறது. இன்று நானும் றைவர்மாருக்கு மேற்பார்வையாளன். எனக்குப் பிடிக்காத ஒருவன் குற்றவாளியாக என் முன் வந்து நிற்கும்போதெல்லாம், அந்த நாசமாய்ப்போன மனிதர் வந்து பக்கத்தில் நிற்கிறார். அவர் போகும்வரை என்னால் பொய் சொல்ல ஏலாது.