சைரன் ஊதாத ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரர் வசந்தன், மலேசியாவுல செகாமட் பக்கம் ஒரு கல் குவாரியில சைரன் ஊதறவரு. வெடி வைக்கிறது வேற ஆளு. ஆனா எங்க தாமான் குடியிருப்புக்காரங்களுக்கு அது புரிஞ்சாத்தானே? சுவரு விரிஞ்சாலும் வசந்தன், கூரை ஒழுகினாலும் வசந்தன். மனுஷன் எதுத்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு. அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

முதல் சைரன் கேட்டதும் பொம்பளைங்க எல்லாரும் சாமி மேடை விளக்கை எடுத்துத் தரையில வச்சிருவோம். உயரத்துல மாட்டின மேடை, ஆடினா எண்ணெய் கொட்டிரும். வெடிச்சு முடிஞ்சு ரெண்டாவது சைரன் கேட்டாத்தான் திரும்ப மேல வைப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில சைரனே இல்லாம வீடு உலுக்குச்சு. விளக்கு விழுந்து உருண்டது.

வெளிய வந்தா வாசல் கேட்டுல கூட்டம். எதிர்வீட்டு அய்யாவு அண்ணன் கத்துறாரு: "ஞாயித்துக்கிழமையுமா வெடிப்பீங்க? நாளைக்கே மனு கொடுத்து உன் வேலையைக் காலி பண்றேன் பாரு!"

"இன்னைக்கு குவாரி லீவுண்ணே," என்றார் இவர். யாரு நம்பினா?

"தூங்கிட்டிருந்த மனுஷன்மேல பழி போடறீங்களே, நல்லாருக்கா?" நான் பிடிச்சு வாங்கினேன்.

அப்பத்தான் பக்கத்து வீட்டு ஹேமநாதன் வாத்தியார் ஃபோனைப் பார்த்துட்டு, "நிலநடுக்கமாம்" என்றார்.

"அலமாக்! அதெல்லாம் சுமத்ராவுலதானே வரும்?" என்றார் அய்யாவு அண்ணன்.

வாத்தியார் படிச்சுச் சொன்னார். அங்க நிலம் நெருக்குற நெருக்கு இங்க வரைக்கும் வருதாம். நம்ம காலுக்குக் கீழ பாறையில பழங்காலத்துப் பிளவு இருக்காம். நெருக்கு சேர்ந்து சேர்ந்து, தாங்காத ஒருநாள் அந்தப் பிளவுல பாறை நழுவி நிலம் ஆடுமாம்.

"திரும்பவும் வருமா?"ன்னு கூட்டத்துல ஒருத்தர் கேட்டார்.

"வரலாம். எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது."

எனக்கு அதெல்லாம் ஏறவே இல்ல. வீட்டுக்காரர் வேலை தப்பிச்சுதே! "இப்ப என்ன சொல்றீங்க?"ன்னு அய்யாவு அண்ணனைப் பார்த்து ஆரம்பிச்சேன். வாய் மூடல, கேட் கடகடன்னு ஆடுச்சு. தரை மறுபடியும் உலுக்குச்சு.

இந்தத் தடவை ஒருத்தரும் கத்தல. அய்யாவு அண்ணன் வந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"வசந்தா, மனு கினு ஒண்ணும் வேணாம். உங்க குவாரியிலதான் வெடிச்சாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு லா."

குவாரின்னா மூடச் சொல்லலாம். காலுக்குக் கீழ இருக்கிற பிளவை யார்கிட்ட போய் மூடச் சொல்றது?

"இல்லண்ணே," என்றார் இவர்.

நான் உள்ள போய் விளக்கை எடுத்துத் துடைச்சேன். பின்னாலயே வந்தவர்கிட்ட, "மேல வைக்கலாமாங்க?"ன்னு கேட்டேன்.

"எனக்கெப்படிடி தெரியும்?"னு அழுதுட்டாரு.

விளக்கு இன்னும் தரையிலதான் இருக்கு.