குதிரையை முதலில் எடுத்த ஆட்டம்

என் கையெழுத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பனியன் கம்பெனியில் அயர்ன் பெட்டி பிடிக்கிற கை, பேனாவைப் பிடித்தாலும் அழுத்தித் தேய்க்கிறது. ர, ற மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். முதலாளியிடம் எல்லோருக்குமாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால், சாப்பாட்டு நேரத்தில் நானும் கட்டிங் மாஸ்டரும் செஸ் ஆடுவோம். தோற்றவர் உள்ளே போய்க் கேட்க வேண்டும். மாஸ்டருக்கு எப்போதும் வெள்ளைக் காய், எனக்குக் கறுப்பு; தோற்பதும் எப்போதும் நான்தான். ஆகவே ஃபேன் ஓடாவிட்டாலும் டீ தண்ணியாக இருந்தாலும் உள்ளே போனவன் நான்தான். முதலாளி முகத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு எழாது. சும்மா நிற்பேன். அவரே, "என்னங்க, மறுபடி ஃபேனுங்களா?" என்று கேட்டுச் சரி சொல்லி அனுப்பிவிடுவார்.

இந்தத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே லீவு வேண்டும் என்றார்கள் எல்லோரும். வழக்கமாக முதல் நாள் சாயங்காலம்தான் விடுவார்கள். ஆர்டரோ தலைக்கு மேல் கிடந்தது. இதைக் கேட்க என்னால் ஆகாது. ஒரு தடவையாவது ஜெயித்தாக வேண்டும்.

அப்போதுதான் அந்தப் பழைய ஆட்டம் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன் என்னோடு ரூமில் இருந்த தென்காசிக்காரர் காட்டியது. கறுப்பு, முதல் காயாகக் குதிரையை வெளியே விட வேண்டும். வெள்ளைச் சிப்பாய்கள் துரத்தும். ஓட வேண்டும். மறுபடி துரத்தும். மறுபடி ஓட வேண்டும். அன்றைக்கு அதை ஆடித் தோற்று, ரூமே சிரித்ததால் விட்டுவிட்டேன். ஆனால் ஓடுவது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். மாஸ்டரோ கட்டிங் மெஷினை முன்னால் தள்ளித் தள்ளியே பழகியவர், சிப்பாயையும் அப்படித்தான் தள்ளுவார். ஒரு மாதம் போனில் பழகிக்கொண்டேன்.

ஆட்டத்தன்று குதிரையை எடுத்ததும் மாஸ்டர் சிரித்தார். "ஏனுங்க, சிப்பாயெல்லாம் லீவுங்களா?"

என் குதிரை மூன்று இடம் ஓடியது. சுற்றி நின்ற டெய்லர் அக்கா, "அண்ணா, குதிரைக்கு வயித்தால போவுதுங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. மாஸ்டர் நாலு சிப்பாய்களை வரிசையாகத் தள்ளிவிட்டார். இடையில் ஆளுக்கொரு சிப்பாயை வெட்டிக்கொண்டோம். அவர் இன்னொன்றைத் தள்ளினார். அவருடைய ராஜாவுக்கு முன்னால் யாருமே இல்லை.

ராணியை ஓரத்துக்கு விட்டு, "செக்குங்க" என்றேன். ஒரு சிப்பாயைக் குறுக்கே வைத்தார். ராணியை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி செக். குறுக்குக் கோட்டின் மூலையில் அவருடைய யானையும் மாட்டியது. ராஜாவை நகர்த்தினார், யானையை எடுத்தேன். பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

மாஸ்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். நன்றாகப் பேசினார், வெளியே வரைக்கும் கேட்டது. திரும்பி வந்தவர் என்னைத்தான் பார்த்தார்.

"முடியாதுங்கறாரு. எப்பவும் வந்து பேசாம நிக்கிறவரு எங்கன்னு கேக்கறாரு. அவரு நின்னா பாவமா இருக்குமாம், நான் நின்னா கோவம் வருதாம்."

ஜெயித்த என்னையே எல்லோரும் சேர்ந்து உள்ளே தள்ளினார்கள்.

வழக்கம்போல நின்றேன். தோற்ற கதையை மாஸ்டரே சொல்லியிருப்பார் போல; முதலாளி, "மாஸ்டரையே எப்படீங்க சாச்சீங்க?" என்றார். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. குதிரையில் ஆரம்பித்தேன். அவர் மேஜையிலிருந்த பட்டன் டப்பாவைக் கொட்டி, காய் வைத்துக் காட்டினேன். அரைமணி நேரம் பேசியிருப்பேன்.

வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். "என்னங்க சொன்னாரு?"

"மாஸ்டர் நாலாவது சிப்பாயைத் தள்ளியிருக்கக் கூடாதுன்னாருங்க."

"லீவு?"

அதைக் கேட்க மறந்தே போயிருந்தேன். டெய்லர் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி போய் நின்றேன். இந்தத் தடவை நாக்கு எழவில்லை. முதலாளி பட்டன்களிலிருந்து தலையே தூக்காமல், "போங்க, குடுத்தாச்சு. அந்த ஆட்டத்த மட்டும் ஒரு தாள்ல எழுதியாந்து குடுங்க" என்றார்.

ஆட்டத்தை மட்டும் எழுத உட்கார்ந்து, இவ்வளவும் எழுதிவிட்டேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணி, மங்கலத்தில் என் வீட்டிலிருந்து.