பருப்பு வெந்த கிணறு

அபிதகுசாம்பாள் அக்காவுக்கு நான் ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். நாளுக்கு ஒரு ரூபாய் வீதம், மூன்று வருஷத் தண்ணீர்க் காசு.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று ஆரணியில் எந்தப் பட்டு முதலாளியை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வாடாமல்லிச் சாயம் என்றால் குப்புராஜ் பட்டறைதான் என்பார். காஞ்சிபுரத்துக்காரரே எனக்கு நூல் அனுப்புகிறார். மாடி வீடு, கார், என் மகன் அன்பரசு நடத்தும் கேன் தண்ணீர்க் கம்பெனி, எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. அப்படித்தான் நாற்பது வருஷமாகச் சொல்லிவந்தேன். அக்காவின் கிணற்றை அதில் சேர்த்துச் சொன்னதே இல்லை.

சாயம் ஏற்றுவதற்கு முன் கோரா என்கிற பச்சைப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் சோப்பு நுரைக்காது, பட்டு மங்கிப்போகும். நல்ல தண்ணீரைக் கண்டுபிடிக்க எனக்கு லேப் எதற்கு? ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போதும். பருப்பு சீக்கிரம் வேகிற தண்ணீரில் பட்டும் பளபளவென்று வரும். இருபத்தைந்து வயதில், மடியில் பருப்பைக் கட்டிக்கொண்டு பதினைந்து கிணறு பார்த்திருப்பேன். எங்கும் பருப்பு கல்லாகவே கிடந்தது. அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் கால் மணி நேரத்தில் மலர்ந்து கரைந்தது.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. புருஷன் இறந்துபோய்விட்டார். ராட்டையில் பட்டு இழை சுற்றிக் கொடுத்துக் கூலி வாங்கிப் பிழைத்தார். கிணறு அந்தப் புருஷன் வெட்டியது. தெருவே அதில்தான் குடித்தது. யாரிடமும் அவர் காலணா கேட்டதில்லை.

"நான் யாவாரத்துக்கு எடுக்கறேன்க்கா. நாளுக்கு ஒரு ரூபா குடுத்துடறேன்" என்று நானாகத்தான் சொன்னேன்.

"மொதல்ல உன் அடுப்பு பத்தட்டும். அப்பாலிக்குக் குடு" என்றார்.

அடுப்பு பற்றியது. நாலாம் வருஷம் அவர் வீட்டுக்குப் பின்னாலேயே மனை வாங்கிப் பெரிய பட்டறை போட்டு, போரும் இறக்கினேன். இனி அவர் தண்ணீர் எனக்கு வேண்டாம். அவரும் பாக்கியைக் கேட்கவில்லை. கேட்காத கடன் சீக்கிரம் மறந்துபோகும்.

சாயக் கழிவுக்குச் சிமெண்டுத் தொட்டி கட்ட மேஸ்திரி நாற்பதாயிரம் கேட்டார். அந்தக் காசுக்கு சாயம் காய்ச்ச இன்னும் இரண்டு கொப்பரை வாங்கலாமே என்று கணக்குப் போட்டேன். பின்பக்கம் ஒரு குழி வெட்டிக் கழிவை அதில் விட்டேன். மண் வடிகட்டிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து வருஷம் போயிருக்கும். ஒருநாள் காலையில் அக்கா சொம்போடு பட்டறைக்குள் வந்தார். ஆட்களெல்லாம் வேலையாக இருந்தார்கள்.

"இது இன்னா கலருன்னு பாத்துச் சொல்லு, குப்புராஜி. நீதான் கலர்ல பெரிய ஆளாச்சே."

எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்தது. என் கலர் எனக்குத் தெரியாதா?

"மழை பெஞ்சிதில்லக்கா, செம்மண்ணு எறங்கி இருக்கும். கெணத்துக்கும் வயசாவுதே" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள்.

"செம்மண்ணா? சரி, அப்ப ஒரு வாய் குடி."

சொம்பை நீட்டிக்கொண்டே நின்றார். நான் வாங்கவில்லை. சிரித்தவர்கள் குனிந்துகொண்டார்கள். தண்ணீரைக் கீழே ஊற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு தெருவில் வேறு யாரும் அந்தக் கிணற்றில் வாளி விடவில்லை. சில வருஷம் கழித்து அங்கே முதல் கேன் தண்ணீர் கொண்டுபோய் விற்றவன் என் மகன்தான். அதையும் அப்போது பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டேன்.

இந்தச் சித்திரையில் காரில் வரும்போது அக்காவைப் பார்த்தேன். எழுபத்தாறு வயது. கடையில் வாங்கிய கேனைத் தூக்க முடியாமல், காலால் உருட்டிக்கொண்டு போனார். கேனில் என் மகன் கம்பெனி ஸ்டிக்கர். இறங்கி அதைத் தோளில் வைத்தேன்.

"இன்னா குப்புராஜி, நீயே டெலிவரிக்கு வந்துட்டியா? ஆளு கெடைக்கலையா?" என்றார்.

அடுப்பங்கரையில் கேனை இறக்கினேன். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"காலீல ஏழு மணிக்கு வச்சது. கேன் தண்ணி குடிக்கத்தான். சமையலுக்கும் அதையே ஊத்தினா எனுக்குக் கட்டுப்படியாவுமா? கெணத்துத் தண்ணிதான்."

மணி பதினொன்று. கரண்டியில் ஒரு பருப்பை எடுத்து நசுக்கினேன். நசுங்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் இதே வீட்டில், இதே தண்ணீரில் கால் மணியில் கரைந்த பருப்பு.

"அன்னிக்கு அது செம்மண்ணு இல்லக்கா. என் சாயந்தான்."

"அது எனுக்கு அன்னிக்கே தெரியும். உனுக்கு வாயத் தெறக்க இத்தினி வருசமா?"

வீட்டுக்கு ஓடி ஐம்பதாயிரத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். இன்னொரு கேனும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அந்தப் பணத்தை அவர் வாங்கிக்கொண்டால் போதும், என் நெஞ்சு ஆறிவிடும் என்றிருந்தது.

"வச்சிக்கோக்கா. இனிமே கேனும் காசில்லாம வந்துடும்."

"கெணறு வருமா?"

கிணற்றைத் தூர் வாரலாம். சாயம் ஊறிய மண்ணை என்ன செய்வது? கவரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"என் கணக்கு எவ்ளோ? அத்தச் சொல்லு."

"ஆயிரத்துத் தொண்ணூத்தஞ்சு. ஆனா வட்டி..."

"வட்டி வாங்க நான் இன்னா பைனான்சா நடத்திகினு கீறேன்? அத்த மட்டும் குடு."

சில்லறை மாற்றி வந்து கொடுத்தேன். இரண்டு ஐந்நூறு, நாலு இருபது, ஒரு பத்து, ஒரு அஞ்சு ரூபாய்க் காசு. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். மீதிக் கவரை என் பக்கமே தள்ளினார். எழுந்தேன்.

"நில்லு. இந்தக் கேன் இன்னா வெலை?"

"வேணாம்க்கா."

"வெலையச் சொல்லு."

"முப்பத்தஞ்சு."

"தண்ணிய நான் சும்மா குடுத்திருக்கறேன். சும்மா வாங்கினது இல்ல. கைய நீட்டு."

நீட்டினேன். சாயம் ஏறிக் கறுத்த என் உள்ளங்கையில் இருபதை வைத்தார், பத்தை வைத்தார், அதன்மேல் அஞ்சு ரூபாய்க் காசையும் வைத்தார்.