சமையற்கட்டுச் சுவரின் நிறம்

பிள்ளைகளா, ஒரத்தநாட்டுப் பக்கம் இருந்த எங்கள் பழைய வீடு புயலில் விழுந்துவிட்டது. அடுத்த வருஷமே என் மனைவியும் போய்விட்டாள். மிச்சம், பழைய செல்போனில் பிடித்த சில படங்கள்தான்.

என் மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது, சமையற்கட்டில் எடுத்த ஆறு படங்களை லேப்டாப்பில் ஏற்றினாள். சாதாரணப் படத்தை வைத்தே சுவர் என்ன நிறம், தரை எதனால் ஆனது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தனித்தனியாகப் பிரித்துவிடலாமாம்.

“அந்தக் கரிச்சுவத்தையா பாக்கப்போற? உங்கம்மாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சோம்பல்” என்று சிரித்தேன்.

என் மனைவி இருந்தபோதும் வருஷா வருஷம் இதைச் சொல்லித்தான் கேலி செய்வேன். “நேத்துதாங்க அடிச்சேன். வெளிச்சந்தான் இல்ல. கிழக்குச் சுவத்துல ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்களேன்” என்பாள். விதைநெல் மூட்டைகளை அங்கேதான் அடுக்கியிருந்தேன். ஜன்னல் வைத்தால் எலி வரும் என்று தட்டிக் கழித்தேன். ஒரு தடவை இல்லை, பத்துப் பன்னிரண்டு வருஷம்.

மகள் எதையோ தட்டினாள். படத்தில் அழுக்குப் பழுப்பாக இருந்த சுவர் வெள்ளையாக மாறியது.

“என்னம்மா, பெயிண்ட் அடிச்சிட்டியா?”

“இல்லப்பா. வெளிச்சத்தைக் கழிச்சிட்டா சுவர் இதுதான். கணக்குப் போட்டுச் சொல்றது, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஆனா ஆறு படத்துலயும் வெள்ளைன்னுதான் வருது.”

பரணுக்கு அடியில், யாரும் எட்டிப் பார்க்காத மூலை வரைக்கும் வெள்ளை. கொல்லைக் கதவு வழியாக வந்த கொஞ்ச வெளிச்சம்தான் அந்த அறைக்கு மொத்தமும் என்றாள் மகள்.

நான் கேட்டேன். “இதுல ஒரு ஜன்னல் வைக்க முடியுமா?”

வைத்தாள். கிழக்குச் சுவரில், அவள் அம்மா கேட்ட அதே இடத்தில். காலை வெயில் அடுப்பு மேடை மேல் விழுந்தது. படத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் கையிலும் கன்னத்திலும் விழுந்தது. அவள் மட்டும் அப்படியே இருந்தாள். அன்றைய இருட்டில் அரிசியில் கிடந்த கல் தெரியாமல், முறத்தில் முகம் இடிக்கிற அளவுக்குக் குனிந்து.

“அவள கொஞ்சம் நிமிர வைக்க முடியாதாம்மா?”

“அது முடியாதுப்பா.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் திரைக்குப் பக்கத்தில் போய், “வெள்ளையாத்தான் அடிச்சிருக்க” என்று படத்திலிருந்த என் மனைவியிடம் சொன்னேன்.