வீட்டுக்குப் பின்னால் ஒரு ஜீப் ஷெட்

ஆன்டனி கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்த வாரமே ஒரு பழைய ஜீப் வாங்கினான். அடுத்த வாரம், அதை நிறுத்த வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு ஷெட் கட்டப்போவதாகச் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஏறிய வெளிச்சத்தை விஜிலா பார்த்தாள். மகன் ஜெனோ பிறந்த செய்தியைக் கேட்டபோது அந்த முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அப்போது அவன் நடுக்கடலில் இருந்தான். இன்று ஒரு ஷெட்டுக்கு அந்த முகம் அவள் கண்ணெதிரில் மலர்ந்தது.

விஜிலா கீழவைப்பாரில் பிறந்தவள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவள். கப்பலில் எஞ்சின் பிட்டராக இருந்த ஆன்டனி வருஷத்துக்கு மூன்று மாதம் வீட்டில் இருப்பான். மீதி நாளெல்லாம் போன்தான். ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டே அவள் பையனை வளர்த்தாள், படிக்க வைத்தாள், சென்னையில் வேலைக்கு அனுப்பினாள். தாளமுத்து நகரில் நிலம் வாங்கி இந்த வீட்டைக் கட்டியதும் அவள்தான்.

வீடு கட்டிய வருஷம் ஆன்டனி ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. காலையில் வேலைக்குப் போகும் வழியிலும் சாயங்காலம் திரும்பும் வழியிலும் விஜிலா கட்டடத்தில் போய் நின்றாள். காண்ட்ராக்டர் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி நல்ல மனுஷர், ஆனால் நாலு இடத்தில் வேலை வைத்திருப்பவர். உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலக்கக் கூடாது என்று லாரித் தண்ணீருக்குச் சொல்லி, வராத நாளில் லாரிக்காரனோடு சண்டை போட்டதும் அவள்தான். பாதி வேலையில் செலவு கையை மீறியபோது ஆன்டனி போனில் சொன்னான், "தேவையில்லாததக் கழிச்சு விடு." அப்படிக் கழிந்தவை மூன்று. அவர்கள் குசினி என்று சொல்லும் சமையலறையின் பின்பக்க ஜன்னல், அங்கே ஒரு பேன், வெளியில் பாத்திரம் கழுவ ஒரு தொட்டி.

"ஒரு ஜன்னல் இல்லாட்டா சோறு வேகாதா?" என்று அவன் அன்றைக்குக் கேட்டான். அவளும் சரி என்றாள். அன்று முதல் மீன் பொரிக்கும் புகையெல்லாம் கூடத்துக்குத்தான் வந்தது.

இப்போது ஆன்டனி சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து ஷெட்டுக்குப் படம் போட்டான். வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், ஜீப் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும், தரை எத்தனை அங்குலம் உயரம் என்று பென்சிலால் கோடு கோடாக இழுத்தான். டீயைக் கொண்டுவைத்த விஜிலா பேப்பரைக் குனிந்து பார்த்தாள்.

"இதென்னது, ரெண்டு ஜன்னலா?"

"ஆமா. காத்து இந்தப் பக்கமா ஏறி அந்தப் பக்கமா எறங்கணும்லா. உப்புக் காத்து உள்ளயே நின்னுச்சுன்னா வண்டி துருப் புடிச்சிரும்."

"பேனு போட்டிருக்கு."

"வேல பாக்கும்போது வேக்கும்லா."

"தொட்டி?"

"கை கழுவ வேண்டாமா ஏளா?"

அவள் உள்ளே போய் அடுப்பில் பாலை வைத்தாள். தான் கேட்டு இல்லையென்று ஆன மூன்றும் ஒரு பழைய ஜீப்புக்குக் கேட்காமலே கிடைக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழியும்வரை அவள் அதைக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்செல்லாம் ஷெட்தான். கூரைக்குத் தகர ஷீட்டா கான்கிரீட்டா என்று காலையில் பேசினான். ஷட்டர் இரும்பில் வாங்கினால் இரண்டு மழைக்குத் தாங்காது, அலுமினியம்தான் என்று மத்தியானம் பேசினான். அலுமினியம் விலை பார்த்துவிட்டு வந்து, அப்படியானால் சுவருக்கு உள்பூச்சு வேண்டாம், வெளிப்பூச்சு போதும் என்று சாயங்காலம் கணக்கை மாற்றினான். மொத்தம் மூன்றரை லட்சத்துக்குள் முடித்துவிடலாம் என்பது அவன் திட்டம். போனில் பழைய கப்பல் சிநேகிதர்களிடம் சொல்லும்போது சிரிப்பும் பேச்சுமாக ஒரு மணி நேரம் போகும். கப்பலிலிருந்து அவளிடம் பேசியதெல்லாம் "பணம் வந்துட்டா, பையன் படிக்கானா, உடம்பப் பாத்துக்க" என்ற மூன்று வாக்கியம். அவனுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

ஷெட்டுக்குப் போகும் வழியில் நின்ற முருங்கை மரத்தை ஒரு நாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது வெட்டிப் போட்டான். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொன்னாள்.

பக்கத்துத் தெருவில் இருந்த தங்கச்சி இசபெல்லாவிடம் மட்டும் மனம் விட்டுச் சொன்னாள். இசபெல்லா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யக்கா, ஊர்ல புருஷன் பொம்பளைய வச்சிருந்தா பொறாமப்படுவாளுவ. நீ கார் ஷெட்டப் பாத்துப் பொறாமப்படுத."

"சிரிக்காதளா. பொம்பளைன்னா போயி மயிரப் புடிச்சிக் கேக்கலாம். இதை என்னன்னு கேக்க?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்தது. இசபெல்லா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வேலையைச் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சியிடம்தான் கொடுப்பான் என்று விஜிலா நினைத்திருந்தாள். ஆன்டனி திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து முத்துக்குமரன் என்ற புதுக் காண்ட்ராக்டரைக் கூட்டிவந்தான். "அண்ணாச்சிக்கு என்ன கொறச்சல்?" என்று அவள் கேட்டதற்கு, "அவரு விலை கூட" என்றான். விலையே கேட்காமல் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தான் பழகிய ஆளைக்கூட இதற்குள் விடமாட்டேன் என்கிறானே என்று எடுத்துக்கொண்டாள்.

முத்துக்குமரனும் ஆன்டனியும் பின்பக்கம் சுண்ணாம்பால் கோடு போட்ட அன்றைக்குத்தான் குழிப் பேச்சு வந்தது. ஜீப்புக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஷெட்டின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு குழி வேண்டும் என்று ஆன்டனி சொன்னான்.

"தாராளமா எடுத்துரலாம் சார். மணல்தான, லேசா வந்துரும்" என்றான் முத்துக்குமரன்.

விஜிலா பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு அஸ்திவாரம் எடுத்தபோது இடுப்பளவு தோண்டியதுமே உப்புத் தண்ணீர் ஊறி வந்ததும், மணல் சரிந்ததும், அண்ணாச்சி மோட்டார் வைத்து இறைத்ததும் அவளுக்கு நேற்றுப்போல் ஞாபகம் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆன்டனி அவள் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட, இந்த மண் எப்படி, தண்ணீர் எப்படி என்று அவளிடம் கேட்கவில்லை. தோண்டட்டும், தோண்டிப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டு துணியை உதறிக் கொடியில் போட்டாள். அந்த நிமிஷம் அவளுக்குள் ஒரு இனிப்பு ஊறியது. அந்த இனிப்பை நினைத்துத்தான் பின்னால் அவள் வெட்கப்பட்டாள்.

குழி எடுத்த நாள் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மத்தியானம் இசபெல்லா போன் பண்ணினாள்.

"யக்கா, ஒடனே வா. காம்பவுண்டுச் சுவரு விழுந்துட்டு. அத்தான் குழிக்குள்ள நின்னுருக்காவ."

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் விஜிலாவுக்கு, 'நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மாதாவே, ஒரே ஒரு வார்த்தை' என்று மட்டும் மனம் திரும்பத் திரும்பச் சொன்னது.

நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை. குழியில் தண்ணீர் ஊறி, மணல் உள்ளே சரிந்து, அதோடு குழியை ஒட்டி நின்ற காம்பவுண்டுச் சுவரும் ஒரு பாகம் சாய்ந்து வெளிப்பக்கமாக விழுந்திருந்தது. வெளிப்பக்கம் விழுந்ததால் ஆன்டனி பிழைத்தான். முத்துக்குமரனும் வேலையாட்களும் ஒதுங்கி நின்றார்கள். ஆன்டனி மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்று, வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தான். இறைக்க இறைக்க அது ஊறியது.

"மேல ஏறுங்க மொதல்ல" என்றாள் விஜிலா.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் சேறு.

"இங்கன தண்ணி வரும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நீங்க கேக்கல."

வாளியை அவன் தண்ணீருக்குள் விட்டெறிந்தான். "நான் செத்திருந்தாலும் கேக்கலன்னுதான் சொல்லியிருப்ப."

அதோடு விஜிலாவுக்கு அடைத்து வைத்ததெல்லாம் உடைந்தது. ஆட்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. "ஏழு வருஷமா புகையில கண்ணு எரிஞ்சி சமைக்கேன். எனக்கு ஒரு ஜன்னல் கெடையாது, ஒங்க வண்டிக்கு ரெண்டு ஜன்னலு. எனக்குப் பேனு கெடையாது, வண்டிக்குப் பேனு. எங்கூடப் பேச ஒங்களுக்கு நேரமில்ல, ஷெட்டப் பத்தி ஊரெல்லாம் பேச நேரமிருக்கு. இத்தன வருஷம் கப்பல்காரனுக்குக் காத்துக் கெடந்தேன். இப்ப வந்தும் எனக்கு வரல. இதுக்குத்தான் வந்திருக்கீய!"

முத்துக்குமரன் வேலையாட்களைக் கண்ணைக் காட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனான். இசபெல்லாவும் மெல்ல நகர்ந்தாள்.

ஆன்டனி கரையேறி, செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தான். முகத்துச் சேற்றைக் கையால் வழித்துவிட்டுப் பேசினான்.

"இந்த வீட்டுல எனக்கு ஒரு டம்ளர் வேணும்னா ஒன்னக் கேக்கணும். எந்த சுவிட்சு எதுக்குன்னு இன்னும் எனக்குத் தெரியல. அண்ணாச்சி வந்தா நேரே குசினிக்குள்ள போயி மெயின் சுவிட்ச அணைக்காரு. தெருவுல எல்லாருக்கும் இது விஜிலாக்கா வீடு. நான் யாரோ விருந்துக்கு வந்தவன் மாதிரி செருப்ப எங்கன போடணும்னு பாத்துப் பாத்துப் போடுதேன். பணம் அனுப்புனேன்தான். ஆனா ஒரு செங்கல்லாவது நான் பாத்து வச்சதா சொல்லு. இந்த வீட்டப் பாக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையா இருக்கு ஏளா. அதான் அண்ணாச்சி வேண்டாம்னேன். அதான் ஒன்ட்ட ஒண்ணும் கேக்கல."

அவன் இப்படி ஒரே மூச்சில் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. விஜிலாவின் கோபம் உடனே தணிந்துவிடவில்லை. ஜன்னல் ஜன்னல்தான், முருங்கை முருங்கைதான். ஆனாலும், தான் அவனுடைய ஷெட்டைப் பார்த்து எரிந்த மாதிரியே அவன் தன் வீட்டைப் பார்த்து எரிந்திருக்கிறான் என்பது அவளுக்குப் புதிய செய்தி. பொறாமைப்படும் அளவுக்கு ஒன்றைத் தான் கட்டியிருக்கிறோம் என்பதும் புதிய செய்தி.

"எந்திரிங்க. மணல் இன்னும் சரியும்" என்று சொல்லிக் கையை நீட்டினாள்.

சுவரைத் திரும்பக் கட்டவும் குழியை மூடவும் ஆன செலவில் மூன்றரை லட்சத் திட்டம் ஆட்டம் கண்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இருவரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். சிவசுப்பிரமணியன் அண்ணாச்சியை விஜிலா கூப்பிடவில்லை. ஆன்டனியே போன் பண்ணி வரச் சொன்னான். அண்ணாச்சி வந்து, பழக்கத்தில் விஜிலாவைப் பார்த்து, "என்ன தங்கச்சி செய்யணும்?" என்று கேட்டார். ஆன்டனியின் தாடை இறுகுவதை அவள் பார்த்தாள்.

"ஷெட்டு அவிய வேல அண்ணாச்சி. அவியகிட்ட கேளுங்க" என்றாள்.

குழி இல்லை என்று முதலில் முடிவாயிற்று. கான்கிரீட் கூரை போய் ஷீட் வந்தது. ஆன்டனி ஒரு ஜன்னலை விட்டுக்கொடுத்தான், அலுமினிய ஷட்டரை விட மறுத்தான். தொட்டியை வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் போட்டால் பாத்திரமும் கழுவலாம், எண்ணெய்க் கையும் கழுவலாம் என்று அண்ணாச்சி சொன்னார். "பாத்திரத் தொட்டியில கிரீஸ் கையா? ஆகாது" என்றாள் விஜிலா. அதற்கு அரை மணி நேரச் சண்டை. கடைசியில் ஒரே குழாயில் இரண்டு தொட்டி என்று தீர்ந்தது. குசினி ஜன்னலை ஷெட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று ஆன்டனி சொன்னபோது, "முன்னால" என்று ஒரே சொல்லில் முடித்தாள். முன்னால்தான் நடந்தது. குசினியின் பின்சுவரை உடைத்து நிலை வைத்த அன்று, செங்கலை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது ஆன்டனி.

பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்குள் ஷெட்டும் முடிந்துவிட்டது. ஜீப்பைப் பின்பக்கமாக உள்ளே ஏற்றி நிறுத்திவிட்டு ஆன்டனி தெருக்காரர்களுக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான். ஷெட் நன்றாகத்தான் இருந்தது என்பதை விஜிலா மனதுக்குள் ஒப்புக்கொண்டாள், வாயால் சொல்லவில்லை.

அவள் பொறாமை அதோடு போய்விட்டது என்று யாராவது சொன்னால் அது பொய். ஆன்டனிக்குக் கை ராசி என்று தெருவில் பேர் பரவிவிட்டது. முதலில் ஒருவர் பைக்கைக் கொண்டுவந்தார். பிறகு தண்ணீர் மோட்டார், கிரைண்டர், சைக்கிள் என்று வரத் தொடங்கின. பெண்களும் வந்தார்கள். அடுத்த வீட்டுச் சுடலைமாடத்தி தன் டேபிள் பேனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணன் கைபட்டா ஓடாதது ஓடும்" என்று சொன்னாள். ஆன்டனி அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அன்றைக்கே சரிபண்ணிக் கொடுத்தான்.

விஜிலாவின் மிக்ஸி அப்போது ஓடாமல் கிடந்தது. "பாக்கேன், பாக்கேன்" என்று அவன் சொல்லிச் சொல்லிப் பல நாள் ஆகியிருந்தது. அம்மியில் அரைத்து அவள் கை வலித்தது. சுடலைமாடத்தி பேனைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே போன அதே வேகத்தில், விஜிலா மிக்ஸியைக் கொண்டுபோய் ஜீப்பின் பானெட் மேல் டங்கென்று வைத்தாள்.

"நான் எங்கன நிக்கணும், வரிசைக்குக் கடைசியிலயா?"

ஆன்டனி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தபடி ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். "உக்காரு ஏளா. சரியாவுற வரைக்கும் இங்கயே உக்காந்து ஏதாவது பேசு."

அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம், சுடலைமாடத்தி மாப்பிள்ளை வீட்டில் நடந்த சண்டையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.