கூறு போட்ட பாடம்

“...ரெண்டு பேரைத்தான வரச் சொன்னேன், குடியிருப்பே திரண்டு வந்து நிக்கிறீக! நான் யாரு கையில ஸ்பேனரக் குடுக்குறது?”

எங்களுக்குப் பம்பு ரிப்பேர் கற்றுக்கொடுத்த வாத்தியார் இப்படிக் கேட்டார். எங்கள் பெண்கள் எல்லார் கண்ணும் அவருடைய மொபெட்டின் மேல் இருந்தது. அதன் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய கருவிப்பெட்டி. அன்று எங்கள் அடிபம்பை நாங்களே கழற்றி, மாட்டி, தண்ணீர் வரவைத்துக் காட்டினால் பெட்டி எங்களுக்கு. பம்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எங்களுக்கு. இல்லையென்றால் பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

நாங்கள் கல்லலுக்கு அங்குட்டு, கருவேலங்காட்டு ஓரத்தில் குடியிருந்த சின்னக் கூட்டம். வலை கட்டி முயல் பிடித்த பழங்குடி. வேட்டை நின்றுபோய், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கத் தொடங்கிய பிறகு, தொண்ணூறுகளில்தான் எங்களுக்கென்று ஒரு பம்பு வந்தது. வந்த பம்பு வெயில் ஏறினால் படுத்துவிடும். சொல்லி அனுப்பி, ஆள் வந்து சரி செய்வதற்குள் ஊருணிக்கு நடந்து நடந்து எங்கள் கால் தேய்ந்துவிடும். அங்கேயும் ஊர்க்காரர்கள் குடம் நிறைந்த பிறகுதான் எங்கள் குடம் தண்ணீரில் இறங்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் குடத்தைவிட மனசுதான் கனக்கும்.

ஒரு நாள் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில், கரி மூட்டை தூக்கும் ஒரு அக்கா அலுத்துப்போய்ச் சொன்னார்: “பம்பு ரிப்பேருக்காரரும் கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பிள்ளையும் ஒண்ணுதான். கூப்பிடக் கூப்பிடப் பிகு பண்ணுவாக. நாமளே கழட்டுனா என்ன, அது கடிக்கவா செய்யும்?”

சிரித்தோம். சிரித்து முடித்ததும் யாருக்கும் அது சிரிப்பாகத் தெரியவில்லை. மறுவாரமே காரைக்குடிக்குப் பஸ் ஏறி, ஒரு தொண்டு நிறுவனத்தின் வாசலில் போய் உட்கார்ந்தோம். “எங்களுக்குப் பம்பு வேலை கத்துக் குடுங்க” என்று கேட்டோம். எழுந்து போகச் சொல்லிப் பார்த்தார்கள். நாங்கள் வேட்டைக்காரக் கூட்டம், காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம். கடைசியில் கல்லலில் பயிற்சி வைத்தார்கள். பல ஊர்ப் பெண்களோடு எங்களுக்கும் இரண்டு இடம்.

அங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு கூத்தைச் செய்தோம்.

எங்கள் கூட்டத்தில் எது கிடைத்தாலும் வீட்டுக்கு ஒரு கூறு. வலை பிடித்தவனுக்கும், புதரைத் தட்டியவனுக்கும், காய்ச்சலில் படுத்திருந்தவனுக்கும் ஒரே அளவு. இரண்டு பேர் மட்டும் எடுத்துக்கொள்வது எங்களுக்குத் திருட்டு மாதிரி. அதனால் பயிற்சிக்கும் நாளுக்கு இரண்டு பேராக முறை வைத்து அனுப்பினோம். சேலைகள் மாறின, முகங்கள் மாறின. வாத்தியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“நேத்து வந்தவுக எங்க?”

“நேத்து அவுக கூறு சார். இன்னிக்கி எங்க கூறு.”

வாத்தியார் தலையில் கை வைத்தார். “பாடம் என்ன முயல் கறியாம்மா, எலையில கூறு போட்டுப் பிரிக்க?”

“பின்ன? ரெண்டு வீடு தின்னு மத்த வீடு பாத்துக்கிட்டு இருக்கவா?”

அவர் திட்டினார். நாங்களும் திட்டை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டோம். ஆனால் பயிற்சி முடிகிறபோதுதான் எங்கள் புத்தி எங்களுக்கே உறைத்தது. ஒருத்திக்குத் தலைப்பக்கம் கழற்றத் தெரியும். ஒருத்திக்குக் குழாயைக் கிடுக்கியில் பிடித்து நிறுத்தத் தெரியும். எனக்கு வாசர் மாற்றத் தெரியும். ஆளுக்கொரு துண்டு தெரியும், முழுப் பம்பு ஒருத்திக்கும் தெரியாது.

அந்தச் சோதனை நாளில் அதனால்தான் மொத்தப் பேரும் போய் நின்றோம். வாத்தியாரும் வேறு வழியில்லாமல் முதல் ஆளிடம் ஸ்பேனரைக் கொடுத்தார். மூடி கழன்றது, சங்கிலி கழன்றது, கைப்பிடி வெளியே வந்தது. ஒவ்வொருத்தியும் தன் வேலையை முடித்து, அடுத்தவளைக் கூப்பிட்டாள். வேலியோரம் நின்ற ஆம்பளைகளில் ஒருவர், “கழட்டுறதுக்கு என்ன, குரங்குகூடக் கழட்டும்” என்றார். “அப்ப நீங்க வந்து கழட்டுங்க மாமா” என்று எங்கள் பக்கமிருந்து பதில் போனது.

அடுத்தது குழாயை மேலே தூக்க வேண்டும். கிடுக்கி பிடிக்க ஆளைக் கூப்பிட்டால், ஆள் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடிந்ததும் தேவகோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

கிடுக்கி நழுவினால் குழாய் முழுதும் ஆழ்துளைக்குள் விழுந்துவிடும். பெட்டி என்ன, பம்பே போய்விடும். வாத்தியார், “இத்தோட நிறுத்துங்க, நான் மாட்டிட்டுப் போறேன்” என்று கையை நீட்டினார்.

“கைய எடுங்க சார்.”

சொன்னது காய்ச்சல்காரப் பிள்ளையின் அப்பத்தா, கிடுக்கி பிடிக்க இருந்தவளின் மாமியார். மருமகளோடு பேச்சு என்றாலே சண்டைதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நீங்க எந்த நாளு பயிற்சிக்கு வந்தீக?” என்றார் வாத்தியார்.

“நான் எங்க வந்தேன்? என் மருமகதான் வந்தா. வந்த நாள்லேருந்து ஒலக்கையக் குழாயா நட்டு வச்சு, இப்பிடிப் பிடிங்கத்தே, அப்பிடிப் பிடிங்கத்தேன்னு என் உசுர வாங்குறா. அவ வாய்க்குப் பயந்தே கத்துக்கிட்டேன்.”

உண்மையில் எல்லா வீட்டிலும் அதுதான் நடந்திருந்தது. வேட்டை முடிந்த சாயங்காலம் அவனவன் பார்த்ததைச் சொல்லிக் காட்டுவதும், மற்றவர்கள் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பதும் எங்கள் வழக்கம். பயிற்சிக்குப் போனவளும் திரும்பி வந்து அப்படித்தான் சொன்னாள். நாங்கள் அதை வம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பாடமாகவும் இருந்திருக்கிறது.

அப்பத்தா கிடுக்கியை இறுக்கினார். குழாய் ஒரு விரற்கடை சறுக்கியது. பல்லைக் கடித்து இன்னொரு திருகு. நின்றது. “மேல தூக்குங்கடி, வேடிக்கையா பாக்குறீக!” என்று அவர் போட்ட சத்தத்தில் குழாய் தானாகவே ஏறி வந்த மாதிரி இருந்தது. அடியிலிருந்த சிலிண்டரைத் திறந்தால், தோல் வாசர் கிழிந்து கந்தலாகக் கிடந்தது. என் முறை. ஊறவைத்திருந்த புது வாசரை, கிண்ணம் மாதிரியான பக்கம் மேலே பார்க்க வைத்து மாட்டினேன். அப்புறம் குழாய்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

கைப்பிடியை அடித்தோம். வெறும் காற்று. மறுபடி அடித்தோம். உள்ளே ஏதோ செருமியது. பிறகு செம்மண் கலந்த தண்ணீர் கொப்பளித்தது, அப்புறம் தெளிந்த தண்ணீர். நாங்கள் போட்ட குலவையில் மரத்துக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. குரங்கைப் பற்றிப் பேசிய மாமாதான் முதலில் கை தட்டினார்.

“சார், பெட்டி?” என்றேன் நான்.

“ரெண்டு பேரு பொறுப்புன்னு சொல்லித்தான் ஆபீசுல குடுத்து விட்டாக” என்றார் வாத்தியார். கிடுக்கிக்கார அம்மாவையும், சேறு பூசிய எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “ஊரே பொறுப்புன்னு நான் போயிச் சொல்லிக்கிறேன்.”

மொபெட்டிடம் போய்க் கயிற்றை அவிழ்த்தார். பெட்டியை எங்கள் நடுவில் இறக்கி வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “குடத்தக் கொண்டாங்க” என்று சொல்லி, கடைசிக் குடம் நிறைகிற வரைக்கும் அவரே பம்பு அடித்தார்.