துப்பாக்கிக்குப் பயந்தோம், கொசுவை மறந்தோம்

போன மாதம் என் தம்பி சேவியர் லைபீரியாவிலிருந்து திரும்பி வந்தான். போர் முடிந்து, எழுந்து நிற்கப் பாடுபடும் ஆப்பிரிக்க நாடு. அங்கே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மெஷின் பூட்டும் வேலை.

அவன் போனதிலிருந்து எங்களுக்கு ஒரே பயம் – துப்பாக்கி. போனில் அவன் சொன்னதோ வேறு.

"ரோடுதான் அக்கா பயம். லைட் இல்லாத லோரி, ஆளை முழுங்குற குழி. அடிபட்டா ஆஸ்பத்திரிய தேடணும்."

முழுசாக வந்து சேர்ந்தான். கேமரன் மலையில், கம்போங் ராஜா ஊரில் உள்ள எங்கள் வீட்டில் ஜெபம் வைத்து, சாப்பாடு போட்டோம். ஆபத்து முடிந்தது... அப்படித்தான் நினைத்தோம்.

அடுத்த வாரம் அவனுக்கு உடம்பு உதறியது. கேமரனில் உதறல் யாருக்குப் புதிது? குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று போர்வையும் இஞ்சித் தேநீரும் கொடுத்தோம்.

காய்ச்சல் இறங்கியது, ஏறியது. பிறகு பேச்சே குழறியது. கிளினிக்கில் டாக்டர் சளிக் காய்ச்சல் என்று மருந்து எழுதத் தொடங்கினார். சேவியரின் மனைவி ராணி குறுக்கிட்டாள்.

"டாக்டர், இவரு ஆப்பிரிக்காவுலேருந்து இப்பத்தான் வந்தாரு."

அவர் கை நின்றது. "இத முதல்லயே சொல்லணும் லா."

ரத்தம் எடுத்தார்கள். மலேரியா – மூளையைத் தாக்கக்கூடிய வகை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ். மலைப்பாதை முழுக்க ராணி அவன் கையை விடவேயில்லை.

அவனுக்கு நினைவு தெளிந்ததும் அங்கிருந்த டாக்டர், லைபீரியாவில் அவன் விழுங்கிவந்த மலேரியா தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டார். ஊர் திரும்பிய பிறகும் சில நாள் அதை விழுங்க வேண்டுமாம். கடித்த கொசு அங்கேயே நின்றுவிடும். கிருமி நம்மோடு விமானம் ஏறும்.

"மிச்சத்த அங்க எங்க டிரைவர் மோசஸ்கிட்ட கொடுத்துட்டேன்" என்றான் சேவியர். "அவரு மகளுக்குக் காய்ச்சல். மருந்து கிடைக்கல. நம்ம மலையில கொசு ஏதுன்னு நெனச்சேன்."

"அது தடுக்குற மாத்திரை. வந்த காய்ச்சலுக்கு அது போதாதே" என்றார் டாக்டர்.

ராணி உடைந்து போனாள். "உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா, புள்ளைங்களோட நான் எங்க போவேன்?"

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே கேட்டாள்:

"அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்காம்?"

"தெரியல."

"போன் போடுங்க."

மோசஸ் எடுத்தார். மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்காமல் போகவே, மழையில் மகளை மோட்டார் சைக்கிளில் வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். பிழைத்துவிட்டாள். இப்போது மகன் அதே காய்ச்சலில் படுத்திருக்கிறானாம்.

உங்கள் வீட்டிலும் யாராவது அந்தப் பக்கம் போய்வந்து காய்ச்சலில் விழுந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். எங்கே போனார் என்பதை முதலில் சொல்லுங்கள்.

நமக்கு இது பயணத்தில் வரும் ஆபத்து. மோசஸ் வீட்டில் இதற்குப் பெயர் – மழைக்காலம்.